படகுக்கு எவ்வளவு தூரம்

என் அக்கா ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் எதையும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. மழை வரும் போலிருக்கிறது என்று அம்மா சொன்னால்கூட, "கொடுக்கப்பட்டது என்ன? நிரூபிக்க வேண்டியது என்ன?" என்று கேட்டுக்கொண்டு, கொடியில் துணி எடுக்கப் போகும் அம்மாவின் பின்னாலேயே அக்கா போவாள். பள்ளிக்கூடத்தில் சர்வசம முக்கோணங்கள் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு முக்கோணத்துக்கு மூன்று பக்கம், மூன்று கோணம். ஆறையும் அளக்க வேண்டியதில்லை. சரியான மூன்று தெரிந்துவிட்டால் மிச்ச மூன்றும் தப்பித்துப் போக வழியே கிடையாது. அவளுடைய வகுப்பில் மற்றவர்களுக்கு இது பரீட்சைக்கான சமாசாரம். அக்காவுக்கோ ஏதோ மந்திரம் கைவந்த மாதிரி. "கிட்டக்க போவாமலே ஒரு விஷயத்தைத் தெரிஞ்சுக்கலாம்டி" என்று என்னிடம் ரகசியக் குரலில் சொன்னாள். நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். கிட்டப் போய்ப் பார்ப்பதில் அப்படி என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அணுமின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. நாங்கள் அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் இங்கிலீஷ் மீடியம் போக, அப்பா ஒரு கொள்கைக்காக எங்களைத் திருக்கழுக்குன்றத்தில் தமிழ் மீடியத்தில் சேர்த்திருந்தார். அந்தக் கொள்கையின் பலனாக நாங்கள் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனோம்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. செங்கல்பட்டில் அம்மா பிறந்த வீட்டில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தார். கழுத்தில் நீல நாடாவில் ஒரு அடையாள அட்டை எப்போதும் தொங்கும். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றியதும் நேரே ஃபிரிட்ஜுக்குப் போவார். அட்டையை அதன் கதவில் வைத்து வாயாலேயே "பீப்" என்பார். பிறகுதான் கதவைத் திறப்பார். ஒருநாள் "ஆக்சஸ் டினைட்" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறக்காமலே திரும்பி நடந்து போய் எங்களை உருளவைத்தார். அவரைப் போலச் சிரிக்க வைக்கிற ஆள் அந்தக் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார். அப்பா மட்டும் சிரிக்கமாட்டார். அவருக்கும் மாமாவுக்கும் நடுவே "சாப்டீங்களா", "ஆச்சுங்க" என்பதைத் தாண்டி பேச்சு போனதில்லை.

ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்குக் காலை ஷிப்ட். அக்காவின் கணக்கு டீச்சர், ஆற்றைத் தாண்டாமலே அதன் அகலத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார். அதைச் செய்து பார்க்காமல் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பாலாறு கிட்டத்தில்தான், ஆனால் அதில் தண்ணீர் இல்லை. நடந்தே தாண்டிப் போகிற ஆற்றை அளந்து என்ன பெருமை?

"சதுரங்கப்பட்டினம் போலாம் டீச்சரம்மா. கடல் கீதே! கடல்ல ஒரு போட்டு நிக்கும். அது எவ்ளோ தூரத்துல நிக்குதுன்னு கண்டுபிடி" என்றார் மாமா. அக்காவை அவர் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அம்மா எலுமிச்சை சாதம் கட்டினாள். டச்சுக்காரன் கட்டிய கோட்டையின் உடைந்த சுவருக்கு முன்னால் மணல். அதில் வரிசையாக ஏற்றிவைத்த படகுகள். ஒரு படகின் நிழலில் அம்மா உட்கார்ந்துகொண்டாள். அலை உடைகிற இடத்துக்கு அப்பால் நீல நிற ஃபைபர் படகு ஒன்று நங்கூரம் போட்டு நின்றது. அதன் சொந்தக்காரர் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். மாமாவைப் பார்த்ததும் "வா அண்ணாத்த, இன்னா இன்னிக்கு குடும்பத்தோட?" என்று கேட்டார். அங்கிருந்த எல்லோருமே மாமாவைப் பார்த்துக் கை தூக்கினார்கள். கம்பெனி வேலை பார்க்கிற மாமாவுக்கு இத்தனை மீன்காரர்கள் பழக்கமா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"வெறும் போட்டை அளந்தா இன்னா கிக்கு இருக்கு? நான் போய் அதுல நிக்கிறேன். மாமன் எவ்ளோ தூரத்துல இருக்கான்னு சொல்லு, பாப்போம்" என்றார் மாமா.

"உனக்கு நீச்சல் தெரியாதுடா" என்றாள் அம்மா.

"நீந்தவா போறேன்? ஒக்காரப் போறேங்க்கா."

கைபேசி நனைந்துவிடும் என்று என்னிடம் கொடுத்தார். கைக்கடிகாரத்தையும் கழற்றி என் கையில் கட்டிவிட்டார். அட்டையை நாடாவோடு என் கழுத்தில் மாட்டினார். படகுக்காரர் கட்டுமரத்தில் அவரைக் கூட்டிப்போய், படகில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார். மாமா படகில் எழுந்து நின்று ஒரு சிவப்புத் துண்டை வீசினார். பிறகு உட்கார்ந்தார்.

அக்கா வேலையைத் தொடங்கினாள். படகுக்கு நேர் எதிரே, ஈர மணலில் ஒரு குச்சி. அங்கிருந்து கரையோடு தெற்கே நடந்து இன்னொரு குச்சி. அதே அளவு நடை இன்னும் நடந்து மூன்றாவது குச்சி. மூன்றும் ஒரே கோட்டில், நடுக்குச்சி சரிபாதியில். இனி என் வேலை. மூன்றாவது குச்சியிலிருந்து கடலுக்கு முதுகு காட்டி, கோட்டைப் பக்கமாக நேராக நடக்க வேண்டும். அவ்வப்போது திரும்பிப் பார்க்க வேண்டும். நடுக்குச்சியும் படகும் ஒன்றின் பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் தெரிகிற இடம் வந்ததும் நின்றுவிட வேண்டும். நான் நடந்த தூரம்தான் படகு நிற்கிற தூரம்.

"எப்படி?" என்றேன்.

மணலில் படம் போட்டுக் காட்டினாள். கடல்மேல் ஒரு முக்கோணம். அதே போல் மணல்மேல் ஒன்று, தலைகீழாக. இரண்டிலும் ஒரு செங்கோணம். நடுக்குச்சிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஒரே நீளம். நடுக்குச்சியில் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்வதால் எதிரெதிர்க் கோணங்கள் சமம். "கோணம், பக்கம், கோணம். கோ-ப-கோ. ரெண்டும் சர்வசமம். கடல்ல இருக்கிற முக்கோணத்துல நடக்க முடியாது, மணல்ல இருக்கிறதுல நடக்கலாம். அவ்ளோதான்" என்றாள்.

நான் நடந்தேன். கவிழ்த்துப் போட்ட ஒரு கட்டுமரத்தின் பக்கத்தில் குச்சியும் படகும் ஒன்றாகின. அங்கே அடையாளத்துக்கு இடது செருப்பைக் கழற்றி வைத்தேன். அக்கா கொண்டுவந்திருந்த அளவு நாடாவால் அளந்து எழுதிக்கொண்டாள். முகமெல்லாம் பூரிப்பு. "ஒரு தடவ அளந்தா போதாது. சரிபாக்கணும்" என்றாள்.

மறுபடி நடந்தேன். செருப்பு கிடந்த இடத்தில் திரும்பிப் பார்த்தேன். ஒன்றாகவில்லை. இன்னும் நடக்க வேண்டியிருந்தது. வலை உலர்த்துகிற கம்பங்கள் வரை போன பிறகுதான் ஒன்றானது. அங்கே வலது செருப்பை வைத்தேன்.

அக்கா என்னைத் திட்டினாள். நான் கோணலாக நடந்தேன், ஒரு கண்ணை மூடிப் பார்க்கவில்லை, எனக்குச் சின்ன வயசிலிருந்தே கவனம் போதாது. நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். அவளே நடந்து பார்த்தாள். வலை உலர்த்துகிற கம்பங்களைத் தாண்டினாள். திரும்பிப் பார்த்தாள். இன்னும் நடந்தாள். கோட்டைச் சுவரில் முதுகு இடிக்கும்வரை போனாள். அங்கிருந்தும் ஒன்றாகவில்லை.

அவள் அந்தச் சுவரில் சாய்ந்து நின்றது இப்போதும் எனக்கு அப்படியே தெரிகிறது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கிட்டப் போனேன். நிரூபணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "செங்கோணம் சரி. பக்கம் சரி. குச்சியை யாரும் தொடல. எதிர்க்கோணம் சரியாத்தான் இருக்கணும். அப்போ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமாத்தான் இருந்தாகணும்..." நிறுத்தினாள். கடலைப் பார்த்தாள்.

"தப்பு நம்மகிட்ட இல்லடி. மாமா போய்க்கிட்டிருக்காரு."

நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. படகு படகாகவே இருந்தது. கடலில் ஒரு பொருள் நகர்கிறதா நிற்கிறதா என்று வெறும் கண்ணுக்குச் சொல்லத் தெரியாது. மாமா மட்டும் தெரியவில்லை. படுத்துத் தூங்குகிறார் என்று நினைத்தேன்.

அக்கா படகுக்காரரிடம் ஓடினாள். அவர் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். சிரித்தார். "நங்கூரம் போட்டு கீது பாப்பா. எங்க போவும்? கயிறு நீளத்துக்கு அப்படி இப்படி ஆடும், அவ்ளோதான்."

"ஆடினா திரும்பி வரணும் இல்ல? ஒரு தடவகூடத் திரும்பி வரலயே! போய்க்கிட்டே இருக்கு!"

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் இடது செருப்பில் நிற்க வைத்தாள். குச்சியைக் காட்டினாள். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு வலது செருப்புக்கு அவரே நடந்து போய் நின்று பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கடலை நோக்கிப் போட்ட கூச்சல் அந்தக் கரையிலிருந்த அத்தனை பேரையும் எழுப்பிவிட்டது.

மேல்காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது. எங்கள் பாவாடையெல்லாம் கடல் பக்கமாகப் பறந்தன. அதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அது படகுக்கும் பொருந்தும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

நாலைந்து பேர் ஓடிவந்து ஒரு படகை மணலிலிருந்து தள்ளினார்கள். அம்மா என்ன என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தாள். அக்காதான் சொன்னாள். அம்மா புடவையோடு தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு அலையில் நின்றுகொண்டு "தம்பீ! டேய் தம்பீ!" என்று கத்தினாள். அப்படியொரு குரல் அம்மாவுக்குள் இருந்ததே எனக்கு அன்றுவரை தெரியாது. கரையிலிருந்த ஒரு பெண் அவளைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் இன்னும் போயிருப்பாள். தள்ளிய படகின் எஞ்சின் முதலில் பிடிக்கவில்லை. பிடித்து, அலையைத் தாண்டிப் போனபோது நீலப்படகு ஒரு புள்ளி. இப்போது அது போவது வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

அக்கா முதல் குச்சியின் பக்கத்தில் முழங்காலிட்டு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவளுக்கும் தெரிந்திருக்காது.

வெகுநேரம் கழித்து இரண்டு படகுகளும் வந்தன. ஒன்று மற்றதைக் கட்டி இழுத்து வந்தது. மாமா நனையவில்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். இறங்கி வந்து, "பயந்துட்டீங்களா? சும்மா தமாசு. டீச்சரம்மா கணக்கு தப்பாவட்டுமேன்னு" என்றார்.

படகுக்காரர் தன் படகுக்குள் ஏறி முன்பக்கம் குனிந்தார். நங்கூரக் கயிறு கட்டியிருந்த கட்டையைத் தடவிப் பார்த்தார். தேய்ந்த நாரோ அறுந்த முனையோ அங்கே இல்லை. அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "அறுந்த கயிறு இல்லக்கா. அவுத்த கயிறு."

அம்மா மாமாவை அறைந்தாள். இருபத்தாறு வயசு ஆளை, ஊர் பார்க்க, இரண்டு கன்னத்திலும். பிறகு அதே கையால் அவர் தலையை இழுத்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். விளையாட்டுக்கு இவ்வளவு அடியா என்று எனக்கு அம்மாவின் மேல் கோபம். அக்காவுக்கோ மாமாவின் மேல். "கொடுக்கப்பட்டதையே மாத்திட்டாரு. அப்புறம் எப்படி நிரூபிக்கிறது?" என்று முனகினாள்.

படகுக்காரருக்கு மனசு ஆறவில்லை. "தெனம் வருவாருக்கா" என்றார் அம்மாவிடம். "காலைல வந்தாருன்னா சாயந்தரம் வரிக்கும் அந்தச் செவுத்து நெழல்ல ஒக்காந்துகினு இருப்பாரு. ஆபீஸ் லீவுன்னு சொல்லுவாரு. நாஸ்தா குடுத்தா வாங்கிக்குவாரு. நல்ல மனுசன்னுதான் போட்ல ஏத்துனேன்."

"தெனமும்னா? எவ்ளோ நாளா?" என்றாள் அம்மா.

"போன ஆடிக்கு முன்னாலேர்ந்து."

அம்மா என் கழுத்தைப் பார்த்தாள். அட்டை என் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாமாவுக்கு வேலை போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் குளித்து, நாடாவை மாட்டிக்கொண்டு, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, சதுரங்கப்பட்டினம் பஸ்ஸில் ஏறி, அந்தக் கடற்கரையில் பொழுதைக் கழித்து, ஆபீஸ் விடுகிற நேரத்துக்கு வீடு திரும்பியிருக்கிறார். அதற்குள் அவருக்குப் பெண் பார்த்து முடித்து, அடுத்த வாரம் பெண் வீட்டார் ஆபீஸைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் அன்று சாயங்காலம் சமையலறையில் அம்மா அப்பாவிடம் சொன்னபோது காதில் விழுந்தது. எனக்குப் பேரதிர்ச்சி. ஃபிரிட்ஜ் கதவில் அவர் வைத்த அட்டை எந்தக் கதவையும் திறக்காத அட்டை. அதற்குப் போய் நாங்கள் அப்படிச் சிரித்திருக்கிறோம்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஹாலுக்கு வந்தார். மாமா எழுந்து நின்றார். "உக்காரும் மாப்ள" என்றார் அப்பா. அந்த உறவுப் பெயரால் அவர் மாமாவைக் கூப்பிட்டு நான் கேட்டதேயில்லை. "கொஞ்ச நாள் நம்ம வீட்டுல இரும். எங்கேயும் போவேண்டாம்." அதற்குப் பிறகு அப்பா ஒரு வாரம் லீவு போட்டார். லீவென்றால் அவருக்கு வேப்பங்காய், ஜுரத்தோடும் ஷிப்டுக்குப் போகிறவர். மாமா எங்கே போனாலும், சவரம் செய்துகொள்ளக் கடைக்குப் போனாலும், பேப்பரை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூடவே போனார். வேலை போனவருக்குப் பேச்சுத்துணை என்று நினைத்தேன். மாமா தங்குவதில் எனக்கு ஒரே கொண்டாட்டம். கேரம் ஆட ஆள் கிடைத்துவிட்டது.

மாமா இப்போது செங்கல்பட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிறார். இரண்டு பெண்கள். பெரியவளுக்கு அக்காதான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த நாளை எங்கள் குடும்பத்தில் "மாமா தமாசு பண்ணின நாள்" என்றுதான் இன்றுவரை சொல்கிறோம். மாமாவும் அப்படித்தான் சொல்வார். கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை தோழிகளோடு கோவளத்தில் படகேறிப் போனேன். அங்கே நங்கூரக் கயிற்றை அவிழ்ப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். படகின் மொத்த இழுப்பும் அந்த முடிச்சில்தான் இருக்கும். முதலில் கயிற்றைக் கை வலிக்க இழுத்துத் தொய்வாக்க வேண்டும், பிறகு நனைந்து இறுகிய முடிச்சை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்த வேண்டும். பழகியவருக்கே நேரம் பிடித்தது. தமாசுக்காக யாரும் அவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்து செய்கிற காரியமில்லை அது. நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். தோழிகள் எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள்.

ஆனால் கடலுக்குப் போய்வந்த மறுநாள், அந்தத் திங்கட்கிழமை காலையில் எனக்கு இது ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடம் கிளம்பிச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா மாமாவுக்குப் பக்கத்தில், சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. மாமாவை நேராகவே கேட்டாள். "நான் கண்டுபிடிக்க மாட்டேன்னுதானே நெனச்சீங்க?"

மாமா தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"நீ மறுபடி மறுபடி அளப்பேன்னு நான் நெனைக்கவே இல்ல டீச்சரம்மா" என்றார்.

அக்கா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அவள் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். மாமா அதைச் சொன்னபோது அம்மா மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லில் தோசை தீய்ந்து புகை வந்தது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா அப்படியே நின்றிருந்தாள். "அம்மா, தோசை தீயுது! தூங்கிட்டியா?" என்று கேட்டு நான் சிரித்தேன்.